கொண்டைக் கத்தாழை

என் அக்காவைத் தெருவில் கத்தாழை நர்ஸ் என்றால்தான் தெரியும். முப்பது வருஷம் ஆபரேஷன் அறையில் வேலை பார்த்தவள். கொதிக்க வைக்காத கத்தரிக்கோலை டாக்டரே கேட்டாலும் கொடுக்க மாட்டாள். ரிட்டயர் ஆனதும் மொட்டைமாடி முழுக்கக் கத்தாழையை நிரப்பிவிட்டாள். மாசம் ஒரு தொட்டி என் தலையில் கட்டுவாள். வைக்க இடமில்லாமல் குளியலறை ஜன்னல்வரைக்கும் வந்துவிட்டது.

தாய்ச்செடியின் காலடியில் முளைக்கும் குட்டியைக் கத்தியால் பிரித்தெடுப்பாள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை நாலைந்து நாள் நிழலில் கிடக்கும். பிறகு மணல் கலந்த மண்ணில் நடுவாள். ஒரு வாரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒருநாள் பாவம் பார்த்து நான் ஊற்றிவிட்டேன், என்னை அடிக்காத குறைதான். இவ்வளவு பார்க்கிறவள் அந்தக் கத்தியை மட்டும் கழுவவே மாட்டாள். ஒரு செடியை வெட்டிய கையோடு அடுத்ததற்குப் போவாள்.

கேட்டால், "கிருமியெல்லாம் மனுஷங்களுக்குத்தான்டா. இங்கயாவது என்னை நிம்மதியா விடு" என்பாள்.

போன வருஷம் ஒரு செடியில் இலையடியில் ஏதோ கொத்தாகப் புடைத்தது. சுருண்டு சுருண்டு, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புது ரகம் என்று அவளே முடிவு கட்டி, கொண்டைக் கத்தாழை என்று பெயரும் வைத்துவிட்டாள். எனக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. உடம்பில் வரக்கூடாத இடத்தில் வந்த கட்டி மாதிரி இருந்தது. சொல்லிப் பார்த்தேன். உனக்கு ரசனை போதாது என்று வாயை அடைத்துவிட்டாள்.

அப்போதுதான் அக்கா மகள் கம்பெனி வேலையை உதறிவிட்டு, ஊருக்கு வெளியே நிலம் குத்தகைக்கு எடுத்து நர்சரி போட்டிருந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். நர்சரி படுத்தால் அவளும் படுத்தாள். பெற்றவள் கை சும்மா இருக்குமா? சாதாரணக் குட்டிகள் முந்நூறும், கொண்டைச் செடியின் குட்டிகள் பத்தும் வண்டி ஏறின.

அதற்குப் பிறகு மாடியில் ஒவ்வொன்றாகக் கொண்டை வைக்க ஆரம்பித்தது. இந்த வரிசையில் ஒன்று, அந்த மூலையில் மூன்று. எட்டு மாசத்தில் நல்ல செடியைத் தேட வேண்டியிருந்தது. அக்கா சந்தோஷப்பட்டாள். அவளுக்குத் தெரியாமல் ஓர் இலையைப் பையில் போட்டு, பயிர்நோய் பார்க்கும் அதிகாரியிடம் கொண்டுபோனேன்.

அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். உடனே பையின் வாயை இறுக்கிக் கட்டினார். எத்தனை செடி இருக்கிறது, யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்.

"கண்ணுக்குத் தெரியாத செடிப்பேன் சார் இது, அது கடிச்சுத்தான் இப்படிப் புடைக்குது. காத்துல போகும், கத்தியில போகும், கையில போகும். மருந்தடிச்சுக் காப்பாத்துற கட்டம் தாண்டிடுச்சு. எல்லாத்தையும் எரிச்சிடுங்க."

வந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன், வரவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

"கத்தியை ஸ்பிரிட்ல துடைச்சிருந்தா இவ்வளவு பரவியிருக்குமா?" என்று கேட்டாள். அவள் மகளுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

அக்கா வாய் திறப்பதற்குள் மகள் ஆரம்பித்துவிட்டாள். "நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா. இங்க எல்லாத்துலயும் கொண்டை வந்துடுச்சு."

"எல்லாத்தையும் எரிச்சிடு" என்றாள் அக்கா. பேன் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எரிக்க இங்க பாதிகூட இல்லம்மா. புது ரகம்னு நாப்பது நர்சரிக்கு அனுப்பிட்டேன். நீதானே பேரு வச்சே?"

அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு பேரா சொல்லு. நானே பேசுறேன். என் பொண்ணுகிட்ட வாங்கின எதையும் வச்சுக்காதீங்க, அவகிட்ட இனிமே எதையும் வாங்காதீங்கன்னு நானே சொல்றேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. பிறகு மகள் முதல் பேரைச் சொன்னாள்.