எதிர்வரிசை யூதப் பள்ளி

யங்கூனில், பபேடான் பகுதியில் எங்கள் பெயின்ட் கடைக்கு நேர் எதிரே யூதப் பள்ளி, யூதர்கள் கூடித் தொழும் இடம். நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். பிறந்ததிலிருந்து அதன் வாசலைத் தாண்டித்தான் போய்வந்தேன். உள்ளே கால் வைத்ததில்லை. யாரும் தடுக்கவுமில்லை, அழைக்கவுமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியானம், எழுபதை நெருங்கிய வெள்ளைக்கார அம்மா ஒருவர் அதன் பூட்டிய கேட்டருகே நின்றிருந்தார். பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் யூதப் பெரியவர் சாப்பிடப் போயிருந்தார்.

“வெயில்ல நிக்கிறாங்களே, பாவம். கூப்பிடுங்க” என்றாள் என் மனைவி.

வந்து உட்கார்ந்தார். ஜெர்மனியில் ஒரு சிற்றூராம்; பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு ஏற்ப மெதுவாகப் பேசினார்.

அவர் வீட்டுக்கு எதிரிலும் ஒரு யூதப் பள்ளி இருந்ததாம். மாட்டு வியாபாரிகளும் துணிக்கடைக்காரர்களும் சேர்ந்து கட்டிய செங்கல் கட்டடம். கூடப் படித்த யூதச் சிறுமி, “உள்ளே கூரையெல்லாம் நட்சத்திரம் வரைஞ்சிருக்கு, ஒரு நாள் காட்டுறேன்” என்று சொல்லியிருக்கிறாள். அதற்குள் நாஜிகள் அதற்குத் தீ வைத்துவிட்டார்கள். இவருக்கு அப்போது ஒன்பது வயது.

“எங்கப்பா தீயணைப்புப் படையில இருந்தார்” என்றார். “தண்ணிக் குழாயை எங்க வீட்டுச் சுவர் மேல பிடிச்சிக்கிட்டு நின்னார். எதிர்ல எரியிறதை அணைக்கல. ஏன்னு நான் கடைசிவரை கேக்கல.”

சில வருடங்களில் தோழியின் குடும்பத்தையும் ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். யாரும் திரும்பவில்லை. பள்ளி இருந்த இடம் கார் நிறுத்துமிடமானது. அப்பா இறந்த பிறகு இவர் பழைய காகிதங்களைத் தேடி அந்தப் பள்ளியின் கதையை எழுதத் தொடங்கினார். ஊரில் கேட்டால் எல்லோருக்கும் மறதியாம்.

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் வந்து கேட்டைத் திறந்தார். நானும் துணைக்குப் போனேன். அந்த அம்மா படியிலேயே நின்று, அப்பா செய்ததை அவரிடமும் சொன்னார். சொல்லாமல் உள்ளே வர மனம் வரவில்லை போலும்.

பெரியவர் கேட்டை இன்னும் அகலத் திறந்துவிட்டார். பிறகு, “நீங்க அப்போ சின்னப் பிள்ளைம்மா. உள்ள வாங்க” என்றார். என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன, இத்தனை வருஷமா எதிர்லயே இருக்கீங்க! வாங்க” என்று பர்மிய மொழியில் கடிந்துகொண்டார். கூச்சத்தோடு செருப்பைக் கழற்றப் போனேன். வேண்டாம் என்று சிரித்தார்.

உயரமான கூரை, தொங்கும் விளக்குகள், ஆளில்லாத மர பெஞ்சுகள். அந்த அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தோழியின் பெயரை மட்டும் மெல்லச் சொல்லி அழுதார். பெரியவரும் நானும் தள்ளி நின்றோம்.

இரண்டு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் அந்த யூதக் குடும்பங்களின் பெயர்கள் பொறித்த கல் ஒன்றை வைக்க ஊரைச் சம்மதிக்க வைத்துவிட்டாராம். அக்கம்பக்கத்தில் சிலர் இப்போது அவரோடு பேசுவதில்லையாம். ‘ஆனால் தூக்கம் வருகிறது’ என்று எழுதியிருந்தார்.

பெரியவரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். இரண்டு முறை படித்தார். “பதில் எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்” என்றார்.