சுடாமல் நின்ற கூட்டாளி

ரசிகனாக இருப்பது சம்பளம் இல்லாத உத்தியோகம். லீவும் கிடையாது, ராஜினாமாவும் செய்ய முடியாது. பகலில் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கிறேன். மிச்ச நேரமெல்லாம் ஜப்பான் கார்ட்டூன் தொடர்கள், அதில் வரும் ஆட்களின் பொம்மைகள், செல்போனில் துப்பாக்கி விளையாட்டு. உங்களில் யாருக்காவது இதே வியாதி இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னிடம் தெம்பு இல்லை.

கண்ணாடி அலமாரி

போன வருஷம் ராசிங்காபுரத்திலிருந்து என்னைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா விவசாயி, நிதானமான மனுஷர். காபி டம்ளரோடு என் அலமாரி முன்னால் போய் நின்றார். வாள் தூக்கியவன், இறக்கை முளைத்தவன், நீல முடிக்காரி என்று ஒவ்வொரு பொம்மையையும் நான் உற்சாகமாக அறிமுகப்படுத்தினேன். பின்னால் நின்று அம்மா கண்ணைக் காட்டியது எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"பிள்ளைக சாமான் நெறைய இருக்கே மாப்ளே, மொத சம்சாரம் இப்ப எங்க இருக்காக?"

சாப்பாட்டு நேரம்

கடையில் மதியம் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் தொடர் பார்ப்பேன். ஒருநாள் அதில் எனக்குப் பிடித்தவன் செத்துப்போனான். சோற்றில் கை வைத்தபடி தேம்பிவிட்டேன். காய் பொறுக்கும் ராசாத்தி அக்கா முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து தண்ணீரை நீட்டினார். "வீட்டுல யாருக்கு என்னடா?" என்றார். நான் போனைக் காட்டினேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள், அக்கா சிரிக்கவில்லை. குனிந்து திரையைப் பார்த்தார்.

"எம் புருசன் செத்தப்ப இம்புட்டு அழுக ஒரு ஆள் இல்லடா தம்பி."

மருது

விளையாட்டில் எனக்கு மருது என்று ஒரு கூட்டாளி. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தான். நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, வெரசா வாங்க, பின்னாடி ஆளு வர்றான்" என்று கத்துவான். அவன் இருந்தால் எங்கள் அணிக்குப் பயமே கிடையாது.

ஆடி மாதம் அவன் வரவில்லை. மழையில் டவர் போயிருக்கும் என்று நினைத்தேன். ஆவணியில் வந்தான், ஆனால் பேசவில்லை. குண்டு பறக்கும்போது நடு வெளியில் அப்படியே நின்றான். செத்தான். அடுத்த ஆட்டத்திலும் வந்து நின்றான். எங்கள் அணியில் இன்னொருத்தன் ஜெகன், செல்போன் கடை வைத்திருப்பவன். அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"எவனோ ஐடியத் திருடிட்டான்டா, இது மருது இல்ல, மரம்."

லயத்து வீடு

என்னவென்று பார்த்துவிடலாம் என்று அடுத்த ஞாயிறு ஜீப்பு பிடித்து, அவன் முன்பு சொல்லியிருந்த தோட்டத்துக்கு மேலே போனேன். மருது பெயரைச் சொன்னதும் டிரைவர் பாட்டை நிறுத்தினார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கடைசிக் கதவைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கதவைத் திறந்தது மருதுவின் அம்மா, பேச்சியம்மா. ஆடிக் காற்றில், காய் எடுத்துக்கொண்டிருந்தவன் மேல் மரம் சாய்ந்துவிட்டது என்றார்.

சிக்னல் கிடைக்கும் பாறைக்குக் கூட்டிப்போய் மகனுடைய போனைத் திறந்து காட்டினார். மருது தேர்ந்தெடுத்த தொப்பியும் சிவப்புச் சட்டையுமாக அந்த உருவம் முதல் திரையில் நின்றது. "யாரும் தொறக்காமப் போட்டா அழிச்சிருவாங்களாமே. அதான் இங்கன கொண்டாந்து தொறந்து பாக்குறேன்" என்றார். விளையாட அழைப்பு வந்தால், மகனைத் தேடி வருகிறவர்களை எப்படி வேண்டாம் என்பது என்று பச்சைப் பொத்தானை அமுக்கிவிடுவாராம். அழைத்தது நான்தான் என்றேன். அவர் முகம் சங்கடத்தில் சுருங்கியது.

"கோவிச்சுக்காத அப்பு, எனக்குச் சுடத் தெரியாது, நிக்க மட்டுந்தான் தெரியும்."

கடைசித் திரை

அதன் பிறகு ஞாயிறுதோறும் நானும் ஜெகனும் மருதுவின் உருவத்துக்கு இரண்டு பக்கமும் நின்று காவல் காத்தோம். தோற்றுக்கொண்டே இருந்தோம், ஜெகனே அடுத்த ஆட்டத்துக்கும் மருதுவுக்கு அழைப்பு அனுப்பினான். மார்கழியில் அந்த விளையாட்டையே மூடப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. ஆங்கிலத்தில் வந்த அறிவிப்பு. பேச்சியம்மாவிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும், நான் போனேன். "எஸ்டேட் மொதலாளியப் பேசச் சொன்னா கேப்பாகளா?" என்று கேட்டார். கேட்க மாட்டார்கள் என்றேன். என்னால் முடிந்தது ஒன்றுதான்: அந்த உருவம் மூச்சு வாங்கி நிற்பதை வீடியோவாகப் பதிந்து, அவர் போனில் போட்டுக் கொடுத்தேன்.

எல்லாம் மூடிய பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலால் திரையை இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"முன்னெல்லாம் இப்புடித் தள்ளுனா மொகத்தத் திருப்பி என்னையப் பாப்பான் அப்பு, இப்பப் பாக்க மாட்டேங்கிறான்."

கணக்கைத் திறப்பது மட்டும்தான் நம் கையில், மூடுவது எங்கேயோ இருக்கும் கம்பெனிக்காரன் கையில் என்பதை இந்த ரசிக உத்தியோகத்தில் சேரும்போது நமக்கு யாரும் சொல்வதில்லை.