வரைபடத்தில் வரையாத வீடு

2024ஆம் ஆண்டு நவம்பர் 25, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பறையில்தான் வில்பிரட்டை முதன்முதலாகப் பார்த்தேன். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கென ஒதுக்கப்பட்ட நாள் அது. அதை முன்னிட்டுப் பிள்ளைகள் வைத்திருந்த கண்காட்சிக்கு, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் சார்பில் நான் சென்றிருந்தேன். இத்தகைய விழாக்களுக்கு அந்த ஊரில் தாய்மார்கள் மட்டுமே வருவது வழக்கம். அன்று துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்ததால் படகுகள் கரையில் கிடந்தன, தகப்பன்மாரும் வந்துவிட்டார்கள்.

வில்பிரட்டுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார். கோயிலுக்குப் போவதுபோல் வெள்ளைச் சட்டை அணிந்து, தம் மகள் ஜெனிஸ் நின்று விளக்கிக்கொண்டிருந்த வரைபடத்தின் முன்னால் வந்து நின்றார். முகத்தில் பெருமை தெரிந்தது. சிறிது நேரத்திற்குள் அந்தப் பெருமை போயிற்று; அது போன விதத்தையே இங்கே எழுத முற்படுகிறேன்.

அந்த வரைபடம் புவியியல் பாடத்தில் தொடங்கியது. வகுப்பாசிரியை உமாராணி விளாத்திகுளத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்தவர். பேருந்துச் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்ததே அதிகம். "வடக்கு எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டபோது, பிள்ளைகள் "வாடைப் பக்கம் டீச்சர்" என்றார்கள். தெற்கைக் கேட்டதற்குச் "சோழகப் பக்கம்" என்றார்கள். வாடைக்காற்று வரும் திசை வடக்கு, சோழகக்காற்று வரும் திசை தெற்கு. உமாராணிக்கு அது பிடித்துப்போய், இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் எழுதிவைத்தார். பிறகு தெருவை வரையச் சொன்னார். கோயில், ஐஸ் கம்பெனி, ரேஷன் கடை, கலங்கரை விளக்கம், செல்போன் கோபுரம் எல்லாம் வரைபடத்தில் வந்தன.

அடுத்த வாரம் தம் கைப்பையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். பெண்பிள்ளைகள் அஞ்சாமல் நடக்கும் இடத்தில் பச்சைப் பொட்டு, அஞ்சும் இடத்தில் சிவப்புப் பொட்டு. வீட்டுக்குள் பெண்ணை அடிப்பதும் வன்முறைதான், அது வீட்டுச் சமாச்சாரம் அன்று என்றும் சொல்லிக்கொடுத்தார். ஒரு கட்டுப்பாடும் விதித்தார்: எந்த வீட்டின் மேலும் பொட்டு ஒட்டக்கூடாது, பெயரோ கதவிலக்கமோ எழுதக்கூடாது. யாரும் அவமானப்படக் கூடாது என்பது அவருடைய எண்ணம்.

ஜெனிஸ் அந்தக் கட்டுப்பாட்டை மீறவில்லை. தங்கள் தெருவில் எல்லா வீடுகளையும் வரைந்தவள், தன் வீட்டை மட்டும் வரையாமல் வெற்றிடமாக விட்டுவிட்டாள். அந்த வெற்றிடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. கோயில் உச்சியிலுள்ள குருசிலிருந்து, அதாவது சிலுவையிலிருந்து, ஐஸ் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி வழியாக ஒரு பென்சில் கோடு. கலங்கரை விளக்கத்திலிருந்து செல்போன் கோபுரம் வழியாக இன்னொன்று. இரண்டும் அந்தப் பொட்டில் சேர்ந்தன.

"இது என்னம்மா?" என்று நான் உமாராணியிடம் கேட்டேன்.

"அழகுக்குப் போட்டிருக்கா சார். அங்க காலி இடந்தான்" என்றார் அவர்.

எங்களுக்குப் பின்னால் நின்ற ஆண்கள் அதை அழகென்று பார்க்கவில்லை. நடுக்கடலில் மீன் கிடக்கும் இடத்தையும், முத்துச்சிப்பி படியும் பார் என்ற கடலடித் திட்டையும் அவர்கள் கண்டுகொள்வது இந்த முறையில்தான். கரையிலுள்ள இரண்டு உயரமான பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேராகத் தெரியும்படி படகைக் கொண்டுசெல்வது ஒரு கோடு. வேறு இரண்டு பொருள்கள் அவ்வாறே நேராவது மறுகோடு. இரண்டும் சேரும் இடத்தில் நங்கூரம் போடுவார்கள். இடம் காட்டும் கருவிகள் வந்த பிறகும் கண் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கடலுக்குப் போகாத பெண்களுக்கு அது தெரியாது. சனிக்கிழமைகளில் தகப்பனுடன் படகில் ஏறிப் போனதுண்டு என்பதால் ஜெனிஸுக்குத் தெரியும். அவள் அந்தக் கோடுகளைப் போட்ட நாளில் படகுகள் கடலில் இருந்தன. டீச்சருக்குப் புரியாது, அம்மாமார்களுக்கும் புரியாது. எங்கேயாவது ஓரிடத்தில் மனத்தில் கிடந்ததை இறக்கி வைத்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்தாளாம். எச்சரிக்கைக் கூண்டு ஏறும் என்று அவள் நினைக்கவில்லை.

"பாத்தியாலே, இடம் பிடிச்சிருக்கா. அங்கன என்னத்த கிடக்கு? சீலாவா, பாறையா?" என்று ஒருவர் மீன்களின் பெயரைச் சொல்லிக் கேலி செய்தார்.

"வலையைப் போட்டுப் பாரு, தெரியும்" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

"ஏலே, இரு. குருசுக்கு நேரா தொட்டிய வச்சா நம்ம தெருல்லா வருது. அந்தக் கோபுரத்தையும் சேத்துப் பிடிச்சா..."

அவர் முடிக்கவில்லை. சிரித்தவர்களும் ஒவ்வொருவராகக் கணக்கைப் போட்டு முடித்தார்கள். சத்தம் அடங்கியது. சிலர் வில்பிரட்டைப் பார்த்தார்கள். பலர் தரையைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்தவர்கள், அந்த வீட்டிலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் தங்கள் வீட்டு டிவியின் ஒலியைக் கூட்டியவர்கள் என்பது பின்னர் எனக்குத் தெரியவந்தது.

உமாராணி ஒன்றும் அறியாமல், "சொல்லும்மா ஜெனிஸ், அது என்ன கோடு?" என்று கேட்டுவிட்டார்.

பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கடல்ல இடம் பிடிக்கிற மாதிரி சார். ரெண்டு கோடும் சேருற இடத்துல ஒரு வீடு இருக்கு. டீச்சர் பேரு எழுதக்கூடாதுன்னு சொன்னாவ."

வில்பிரட் வெளியேறவில்லை. வெளியேறினால் ஒப்புக்கொண்டதாகும். நின்றால் எல்லாரும் பார்ப்பார்கள். கண்காட்சி முடியும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் பொட்டைப் பார்த்தபடியே நின்றார். அவருடைய சட்டையின் முதுகு முழுதும் நனைந்துவிட்டது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவர் அவர். இருபத்தெட்டாம் வயதில் சுஜிதாவை மணந்தார். தொழிலில் நேர்மை, கோயில் திருவிழாவில் முன்வரிசை, கடன் கேட்டு வந்தவரிடம் கனிவு. மனைவியை அடிப்பதற்கு அவர் குடியைக் காரணம் காட்ட முடியாது. அவர் குடிப்பது அரிது. மீன் கிடைக்காத நாளிலும் அடித்தார், கிடைத்த நாளிலும் அடித்தார். "ஏன் என்று நீங்களே கேட்டுக்கொண்டதில்லையா?" என்று, பின்னர் அந்த ஊருக்கு அடிக்கடி போய்வந்த நாள்களில் ஒருமுறை நான் கேட்டேன். "அடிக்க முடிஞ்சிது சார், அதான்" என்றார். அதைவிடச் சரியான விடையை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

ஊரில் அவருக்கு ஒரு மதிப்பு இருந்ததற்குத் தனிக் காரணமும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் ஊர் கமிட்டித் தலைவர் ஏசுவடியானின் மகன் ஜெனோ போன வள்ளம் கவிழ்ந்தது. நிறைந்த வலையை அறுத்துவிட்டுத் திரும்பிச் சென்று, கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டிருந்த அவனை வில்பிரட் தூக்கிவந்தார். கோயில் வாசலில் ஊரார் முன்னிலையில் ஏசுவடியான் அவரைக் கட்டிக்கொண்டு, "எம்மவன் உயிரு உங்கிட்டப் பட்ட கடன்ல. என்னைக்கு வேணும்னாலும் கேளு, என்ன வேணும்னாலும் கேளு" என்றார்.

கண்காட்சி நடந்த அன்று மாலை, கடற்கரையில் படகின் மறைவில் உட்கார்ந்திருந்த வில்பிரட்டிடம் ஏசுவடியானே வந்தார்.

"ஏலே, என்ன இப்படி உக்காந்திருக்க? உம்மவ வரைஞ்ச சார்ட்ட மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பப் போறாவளாம். அங்கன நம்ம ஆளுவ எத்தனை பேரு வருவான், தெரியும்லா. நீ ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கு அது செவுத்துல இருக்காது. அந்தக் கரிசக்காட்டு டீச்சரும் இங்கன இருக்கமாட்டா. பள்ளிக்கூட மேனேஜர் நம்ம சொல்லைத் தட்டமாட்டாவ."

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"இதுல யோசிக்க என்னல இருக்கு?"

உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. அது கிழிக்கப்பட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அன்று தாம் விரும்பவில்லை என்று வில்பிரட் என்னிடம் சொன்னார். ஏசுவடியானை நிறுத்தி, "செஞ்சிருங்க" என்று சொல்ல வாய் எடுத்தாராம். அதற்குள் அவர் போய்விட்டார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணி வீட்டுக்குப் போனார்.

வீட்டில் நடந்ததைக் கணவனும் மனைவியும் வெவ்வேறு நாளில் என்னிடம் சொன்னார்கள், இரண்டும் ஒத்திருந்தன. ஜெனிஸ் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சுஜிதா அடுப்படியிலிருந்து வந்து, மகளுக்கும் கணவனுக்கும் நடுவில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"இன்னைக்கு வாடைக்காத்து அடிக்கி. சோழகப் பக்கத்துச் சன்னலைச் சாத்துங்க."

காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் சத்தமும் போகும். ஆகவே ஒவ்வொரு முறையும் காற்றைப் பார்த்து, அது போகும் பக்கத்துச் சன்னலை முதலில் சாத்திவிட்டே வில்பிரட் அடிக்கத் தொடங்குவார். கோபத்தில் தம்மை மறந்து அடித்துவிட்டதாக ஒவ்வொரு முறையும் மறுநாள் சொல்லியிருக்கிறார். தம்மை மறந்தவருக்குக் காற்றின் திசை எப்படி நினைவிருந்தது? அதை அவர் தமக்கே சொல்லிக்கொண்டதில்லை. சுஜிதா எல்லா ஆண்டுகளிலும் அதைக் கவனித்தே இருந்திருக்கிறார்.

"நான் அடிக்க வரலை" என்றார் வில்பிரட்.

"தெரியும். பிள்ளைக்குத் தெரியணும்லா, அதுக்காகச் சொன்னேன். கோடு போட்டது அவதான். இந்தச் சன்னலையும் அவ பாத்துட்டுத்தான் இருந்திருக்கா." பிறகு சொன்னார்: "நாங்க எங்கயும் போகலை. நீங்க போங்க."

அன்று முதல் வில்பிரட் கடற்கரையில் என்ஜின் வைக்கும் கொட்டகையில் இருக்கிறார்.

மறுநாள் காலை கமிட்டி அறைக்குப் போனபோது ஏசுவடியானோடு மூவர் காத்திருந்தார்கள்.

"சொல்லு. மேனேஜருக்குப் போன் போடவா?"

"வேண்டாம் அண்ணாச்சி. சார்ட்டு இருக்கட்டும்."

"கிறுக்குப் பிடிச்சிருக்காலே உனக்கு? ஊரே சிரிக்குமே."

"ஊருக்கு முன்னமே தெரியும். அது எனக்கும் தெரியும்னு இப்ப ஊருக்குத் தெரியுது, அவ்வளவுதான்." அதைச் சொல்லும்போது அங்கிருந்த மூவரையும் ஒரு முறை பார்த்தார். மூவரில் ஒருவர் அடுத்த வீட்டுக்காரர். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

வரைபடம் மாவட்டக் கண்காட்சிக்குப் போயிற்று. உமாராணிக்கு அந்தக் கோடுகளின் பொருள் அதற்குள் தெரிந்துவிட்டது. அவர் ஜெனிஸின் வீட்டுக்குச் சென்று, சுஜிதாவின் ஒப்புதலைக் கேட்ட பிறகே அனுப்பினார். "எம்மவ போட்ட கோட்டை நான் அழிப்பேனா டீச்சர்?" என்றாராம் சுஜிதா.

இதனால் வில்பிரட் நல்லவராகிவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். மகளிர் காவல் நிலையத்தில் சுஜிதா மனு கொடுத்தபோது, அதிகாரி கேட்டவற்றையெல்லாம் வில்பிரட் ஒப்புக்கொண்டார். கோயிலில் கடைசி வரிசைக்கு அப்பால், செருப்பு கிடக்கும் இடத்தில் நிற்கிறார். ஏலக்கூடத்தில் விலை பேசும்போது முன்பிருந்த சத்தம் இல்லை. ஜெனிஸ் அவரோடு பேசுவதில்லை. பள்ளிக்குப் போகும்போது கொட்டகை இருக்கும் வழியை விட்டு, ரேஷன் கடையைச் சுற்றிப் போகிறாள். அவள் அவ்வாறு சுற்றிப் போவதைக் கொட்டகையிலிருந்து பார்க்க முடியும் என்று என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு தவக்காலத்தில் ஏசுவடியான் மறுபடி கொட்டகைக்கு வந்தார். பிரிந்து கிடக்கும் கணவன் மனைவியரை ஈஸ்டருக்கு முன் கமிட்டி அழைத்துச் சேர்த்துவைப்பது அந்த ஊர் வழக்கம். நானும் அன்று அங்கிருந்தேன்.

"பெரிய வியாழனுக்கு முந்தி கூட்டம் போடுதோம். சுஜிதாவக் கூப்பிடுதோம். நீ கேட்டேன்னு மட்டும் நான் சொல்லணும். அவ வந்து சேந்துதான் ஆகணும். ஊரு சொல்லை மீறி எந்தப் பொம்பளையும் இங்கன இருந்ததில்ல."

வில்பிரட் என்ஜினின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் எவ்வளவு ஏங்கினார் என்பதை நான் அறிவேன்.

"அதனாலதான் வேண்டாங்கேன் அண்ணாச்சி. அவளால மீற முடியாதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப ஜெனோ உயிருக்கு நான் என்னத்தச் செய்ய? சாகுற வரைக்கும் என்னையக் கடங்காரனாவே வச்சிருக்கப் போறியா?"

வில்பிரட் மூடியைத் துடைத்தார். ஏசுவடியான் அந்தக் கேள்வியை அதன்பிறகும் இருமுறை கேட்டுவிட்டார். வில்பிரட் இன்றுவரை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.