கொரிடோரில் தொங்கிய ராசாக்கள்

என் கணவர் முதலாவது சாவுமுகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் அதற்கு மெழுகுதிரி கொளுத்தி வைத்தேன். பிழை என்னுடையதில்லை. பழைய பேப்பரில் சுற்றிய சாமானை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்கு ஓடினவர் அவர். அவிழ்த்துப் பார்த்தால் வெள்ளைச் சாந்தில் வார்த்த ஒரு கிழவரின் முகம். கண் மூடியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, கனகாலம் நோவில் கிடந்த களைப்புத் தெரிந்தது. தவமிருந்த புனிதர், அர்ச்சிஷ்டவர் யாரோ என்று நினைத்துவிட்டேன். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? மாதா சுரூபத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் ஒதுக்கி, முகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துச் செபமும் சொன்னேன்.

வேலையால் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று சிரித்தார்.

"இஞ்சேரும், அது அர்ச்சிஷ்டவர் இல்லை. பிரஷ்யா நாட்டு ராசா. கோயிலையும் சாமிமாரையும் நக்கலடிச்சுக்கொண்டே சீவிச்ச மனுசன்."

"அப்ப ஏன் இப்பிடிச் செத்தவர் மாதிரிக் கிடக்கிறார்?"

"செத்தபிறகு முகத்தில சாந்து பூசி எடுத்த அச்சுத்தானே."

நான் மெழுகுதிரியை ஊதி அணைத்தேன். அதற்குள் முக்கால்வாசி எரிந்துவிட்டது. அந்த நாட்களில் மெழுகுதிரியையும் பார்த்துப் பார்த்துத்தான் கொளுத்துவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஹம்பேர்க்கில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு குசினி, இரண்டையும் சேர்க்கும் இருண்ட நீளக் கொரிடோர். என் கணவர் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். ஞாயிறு பூசை முடிய இருவரும் பழஞ்சாமான் சந்தைக்குப் போவோம். நான் சட்டி பானை பார்ப்பேன், அவர் ராசாக்களைத் தேடுவார். மற்றப் புருசன்மாருக்குக் கடதாசி விளையாட்டு, பியர் என்று ஏதோவொரு பைத்தியம் இருந்தது. எனக்கு வாய்த்தவருக்குப் பிணமுகம்.

குளிரில் மூக்குச் சிவக்க நின்று, ஒவ்வொரு முகத்தையும் கண்ணருகே பிடித்து, இமைமயிர் தெரிகிறதா என்று பார்ப்பார். நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்க முகம் மழுங்கிப் போகுமாம். முதல் அச்சுக்குக் கிட்டியதில்தான் மயிரும் சுருக்கமும் நிற்குமாம். நெற்றிப்பொட்டில் குண்டு துளைத்த ஓட்டையோடு சுவீடன் ராசா வந்தார். சொந்த ராசாவின் தலையை வெட்டுவித்துவிட்டு நாட்டை ஆண்ட இங்கிலாந்துக்காரர் முகத்து மருக்களோடு வந்தார். தீவில் காவலில் கிடந்து செத்த பிரெஞ்சுப் பேரரசர் மட்டும் இரண்டு முகத்தோடு வந்தார். எது உண்மையான முகம் என்று பெரிய பெரிய ஆட்களே சண்டை பிடித்தார்களாம். அதனால் இவரும் இரண்டையும் வாங்கிவிட்டார். ஒரு தாய் பிள்ளைகள் என்றுகூடச் சொல்ல ஏலாத இரண்டு முகங்கள்.

எல்லோரும் கொரிடோரில் வரிசையாகத் தொங்கினார்கள். அவர்களுக்குக் கீழே சின்ன ஸ்ரூலில் எங்கள் ரெலிபோன். வீட்டுக்கு வந்த சனம் தேத்தண்ணியை அவசரமாகக் குடித்துவிட்டுக் கிளம்பியது. "கழற்றுங்கோ, இல்லாட்டி நான் கழற்றி எறிவன்" என்று மாதம் ஒருமுறையாவது கத்துவேன். அவர் தூசு தட்டிக்கொண்டே கதை சொல்லுவார். கழுவிய கோப்பைகளின் சோடா மணம் போகாத கைகளால், ஒரு வகுப்பறை முழுவதற்கும் சொல்வதுபோல் எனக்கொருத்திக்குச் சொல்லுவார். இன்று பெரிய வெளிச்சமான வீட்டில் இருக்கிறோம், ராசாக்கள் நிலவறையில் பெட்டிக்குள் கிடக்கிறார்கள், அவரும் கதை குறைந்த கிழவராகிவிட்டார். எனக்கு அந்த இருண்ட கொரிடோரும் அந்தக் குரலும்தான் வேண்டும்.

ஒருநாள் சொன்னார். "முந்தி ராசா செத்தால் தூரத்தில இருக்கிற ஆக்கள் வந்து சேர வாரக்கணக்காகும். உடம்பு அவ்வளவு நாள் தாங்காது. அதாலை மெழுகில முகம் செய்து, மரப்பொம்மைக்குப் பூட்டி, பட்டு உடுத்தி ஊர்வலத்தில கொண்டுபோவினம். பிந்தி வந்தவனும் முகம் பார்க்கவேணுமெல்லே."

அது எனக்கு விளங்கியது. எங்கள் செத்தவீடுகளிலும் பெட்டி மூட முன்னம் "முகம் பார்க்கிறாக்கள் வந்து பாருங்கோ" என்று ஒருவர் கூப்பிடுவார். அந்தக் கூப்பாட்டுக்குப் பிறகுதான் உண்மையான அழுகை தொடங்கும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் பெட்டியைச் சுற்றி நின்று படமெடுத்து அனுப்புவார்கள்.

சண்டையில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்ததற்கு அடுத்த வருடம் அப்பா செத்தார். வன்னியில் ஒரு கொட்டிலில், காய்ச்சலில். வவுனியாவுக்கு வந்த யாரோ ஒருவர் போன் எடுத்து, அடக்கம் முடிந்து ஒரு கிழமை என்று சொன்னார். எங்கள் அகதி வழக்கு முடியவில்லை, நான் எங்கும் போக ஏலாது. அங்கே கமெராவும் இல்லை, பிலிமும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு படமாவது வரும் என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. சுவரில் தொங்கியவர்களைப் பார்க்க எரிச்சல் வந்தது. எனக்கு ஒரு உறவும் இல்லாத இந்தப் பரதேசிகளுக்கெல்லாம் முகம் இருக்கிறது.

மாதங்கள் கழித்து அக்கா கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். கடைசிவரை அப்பாவோடு இருந்தவள் அவள்தான். ரெலிபோன் அட்டை வாங்கி, அவள் தங்கிய லொட்ஜுக்கு எடுத்தேன். அழுது முடித்துக் கேட்டேன்.

"முகம் எப்பிடி அக்கா இருந்தது?"

"நல்லா இருந்தது பிள்ளை. நித்திரை கொள்ளுற மாதிரி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வருடக்கணக்காகச் செத்த முகங்களுக்குக் கீழே இருந்து போன் கதைக்கிறவள் நான். ஒருவரும் நித்திரை கொள்வதுபோல் இல்லை.

"பொய் சொல்லாதை. கண் முழுக்க மூடியிருந்ததோ?"

"இடக்கண் கொஞ்சம் திறந்திருந்தது. அமத்திப் பாத்தனான். மூட ஏலாமப் போச்சு."

"வாய்?"

"சீலைத்துண்டாலை கட்டினனாங்கள்."

"மூக்கு எலும்பு தெரிஞ்சதோ? கன்னம் உள்ளுக்குப் போயிட்டுதோ?"

"ஓம். நல்லாத்தான் மெலிஞ்சுபோனார். உனக்கு ஏன் பிள்ளை இதெல்லாம்?"

"சொல்லு. சவரம் ஆர் எடுத்துவிட்டது?"

பிரெஞ்சுப் பேரரசருக்குக்கூடச் செத்தபின் சவரம் செய்துதான் அச்செடுத்தார்கள் என்று என் கணவர் சொல்லியிருந்தார். அந்த நினைப்பில்தான் கேட்டேன்.

"சவரமோ? அப்பா தாடியெல்லே விட்டிருந்தவர். உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அப்பாவுக்குத் தாடி! விடிய எழும்பினால் முதல் வேலையாகச் சவரம் எடுக்கிறவர். தவக்காலம் முடிகிற பெரிய வியாழனில்கூட மழுமழுவென்ற கன்னத்தோடு கோயிலுக்குப் போனவர்.

"பிளேட் இல்லையெண்டு தொடங்கினது. பிறகு நான் ஒண்டு தேடிக் கொண்டுவந்து குடுத்தன். வேண்டாமெண்டிட்டார். வீட்டை திரும்பிப்போய் எங்கட கிணத்தடியில நிண்டுதான் எடுப்பன் எண்டவர்."

"நீளமோ?"

"நெஞ்சுமட்டும். முழு வெள்ளை. தாடியோடதான் வச்சனாங்கள்."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அத்தனை மாதமும் நான் அழுதது மழித்த கன்னத்தோடு இருந்த ஒருவருக்காக. அவர் எப்போதோ போய்விட்டார். இந்த வெள்ளைத் தாடிக்காரருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை, அவரை எனக்குத் தெரியவும் தெரியாது. என் கணவர் குசினி வாசலில் கையில் துவாயோடு வந்து நின்றார். கிட்ட வரவில்லை.

"பிள்ளை, இருக்கிறியோ?" என்றாள் அக்கா.

"இருக்கிறன். நெத்தியில இருந்து திரும்பச் சொல்லு. ஆறுதலாச் சொல்லு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா நெற்றியிலிருந்து தொடங்கினாள்.