கலோலோவுக்குக் கப்பலில் இடமில்லை

எங்கள் தீவில் கப்பல் கரைக்கு வராது. சுற்றிலும் பவளப்பாறை. பாறையைத் தாண்டினால் நங்கூரம் போட முடியாத ஆழம். சமோவாவிலிருந்து வரும் கப்பல் வெளிக்கடலில் இன்ஜினை ஓடவிட்டபடி நிற்கும். பாறையை வெடிவைத்துப் பிளந்த குறுகலான வாய்க்கால் வழியாக எங்கள் தட்டைப்படகு போய், ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்கும். அந்தப் படகை ஓட்டியவர் என் தாய்மாமன் கலோலோ. மாவு, அரிசி, காஸ் சிலிண்டர், பெட்ரோல் பீப்பாய், பாதிரியார், கல்யாணப் பெண், சவப்பெட்டி என்று மூன்று தீவுகள் சேர்ந்த டோகிலாவு நாட்டில் எங்கள் தீவுக்கு வந்தது போனது எல்லாம் அவர் கை வழியாகத்தான். அவர் மட்டும் எங்கேயும் போனதில்லை. ஊரில் அவருக்கு "கப்பல்வரைக்கும்" என்றே பட்டப்பெயர். கிரிக்கெட் ஆடும்போது அவர் பந்தைத் தூக்கியடித்தால், "கப்பல்வரைக்கும் போகுது, அதுக்கு மேல போகாது" என்று எதிரணிப் பெண்கள் கத்துவார்கள். மாமா மட்டையை வீசிவிட்டு நடுவரிடம் சண்டைக்குப் போவார். எதற்கெடுத்தாலும் சண்டைதான். சட்டென்று கோபம் வரும், அது லேசில் போகாது.

அவர் மனைவி லெபேகா அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. கால் வீங்கி, முகம் வீங்கி, வாய்க்கு எதுவும் ருசிக்காமல் கிடந்தவளை எங்கள் டாக்டர் சமோவாவின் தலைநகர் அப்பியாவுக்கு அனுப்பினார். அப்பியாவில் பார்த்துவிட்டு நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். படகில் ஏற்றிக் கப்பலில் விட்டுவந்தது மாமாதான். சீக்கிரம் வந்துவிடுவாள் என்று அவள் துணிகளைக்கூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் அங்கே டாக்டர்கள் சொன்னது வேறு. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் இயந்திரத்தில் படுக்க வேண்டும், உயிர் இருக்கும்வரை. எங்கள் மூன்று தீவுகளிலும் அந்த இயந்திரம் கிடையாது. அத்தை இனி ஊருக்கு வர முடியாது என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நியூசிலாந்தின் பொரிருவா ஊரில் மகள் வீட்டில் தங்கிக்கொண்டாள்.

"அப்ப நான் போறேன்" என்றார் மாமா. அவ்வளவு எளிது என்று நினைத்துவிட்டார்.

பெரியவர்கள் சபையில் எங்கள் குடும்பத்துக்காக உட்கார்ந்திருப்பவர் மாமாவின் சொந்த அண்ணன் பெதெலோ, என் பெரியமாமா. பாயில் சம்மணமிட்டு விசிறிக்கொண்டிருந்த கிழவர்களுக்கு நடுவே அவரும் விசிறிக்கொண்டிருந்தார். மாமா விஷயத்தைச் சொன்னார்.

"உன்னை யாருப்பா புடிச்சு வச்சிருக்கா?" என்றார் ஒரு பெரியவர். "படகை யாரு ஓட்டுவான்னு மட்டும் சொல்லிட்டுக் கெளம்பு."

"அதை நீங்கல்ல சொல்லணும்? படகு ஊர்ப் படகு. என் பொண்டாட்டி மட்டும்தான் என் பொண்டாட்டி."

"சபையில குரலை ஏத்தாதே, தம்பி" என்றார் பெதெலோ.

"ஏத்தலை அண்ணே. இதான் என் குரலு."

யாரையாவது பழக்கிவிட்டுப் போ என்று முடிவானது. அதோனி என்ற வாலிபனை மாமா பழக்கினார். பழக்கினார் என்றால், வாய்க்காலின் வாயில் அலை எழும்பும் ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டினார். அவனும் பொறுத்துக்கொண்டு கற்றுக்கொண்டான். அலையை எப்போது விட வேண்டும், எப்போது அதன் முதுகில் ஏறி உள்ளே வர வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குக் கைவந்தது. மாமா பையைத் தயார் செய்தார். அந்த வாரமே அதோனிக்கு ஆஸ்திரேலியாவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது என்று அவன் அண்ணன் போன் செய்தான். அவனைக் கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டவர் மாமா. திரும்பி வந்து, இறக்கின மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாமா?" என்றேன்.

"ஓட்டக் கத்துக்கிட்டவன் ஓடிட்டான். இனிமே மக்கு ஒருத்தனைத்தான் தேடிப் புடிக்கணும்" என்றார். அப்படி ஒருவரும் அகப்படவில்லை. இளவட்டங்கள் பாதிப் பேர் ஏற்கெனவே வெளியூர் போயிருந்தார்கள். மீதிப் பேருக்கு மாமாவின் வாயைப் பற்றித் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் நாட்டுத் தலைமை பக்கத்துத் தீவின் முறை. எங்களுக்குத் தலைநகரம் என்று ஒன்று கிடையாது. மூன்று தீவுகளும் வருஷத்துக்கு ஒன்றாக முறை எடுத்துக்கொள்ளும். மூன்று தீவுகளின் கூட்டம் எங்கள் தீவில் நடந்தபோது, வருஷத் தலைவரையும் அவர் கூட்டத்தையும் கரைசேர்க்க மாமா படகை எடுத்துப் போனார். உள்ளே அமைதியான தண்ணீருக்கு வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டார். மாலையும் கழுத்துமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தலைவர் திகைத்துப்போனார்.

"என்ன கலோலோ, ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லீங்கய்யா. கேள்வி." தன் கதையைச் சொன்னார்.

"அது ஊர் விவகாரம்ப்பா. சபை சொன்னா நாங்க தலையிடுறதில்லை."

"கப்பல்ல எனக்கு எடம்?"

"அது அப்பியா ஆபீஸ்."

எங்கள் அரசாங்க ஆபீஸ் எங்கள் நாட்டில் இல்லை. சமோவாவில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மாமா அங்கே போன் செய்தார். "உங்க சபை உங்க பேரைக் குடுத்தா நாங்க எடம் போடுறோம்" என்றாள் ஒரு பெண், இனிமையாக. மாமா சபைக்குப் போனார். "ஆபீஸ்ல எடம் போட்டாங்கன்னா நாங்க பேரைக் குடுக்கறோம்" என்றார்கள். அவர் வீட்டுக்கு வந்து, சீமைப்பலாக்காய் சுட்டுக்கொண்டிருந்த என் அம்மா ஹுலியானாவின் முன்னால் நின்றார்.

"அக்கா, நான் உசுரோடதான் இருக்கேனா?"

"உசுரோட இருக்கறதுதான்டா உன் பிரச்னை. நோயாளியா இருந்தா முதல் எடம் உனக்குத்தான்" என்றாள் அம்மா.

அது உண்மை. கப்பலில் முதலில் நோயாளிகள், அப்புறம் கர்ப்பிணிகள், முதியவர்கள், அதிகாரிகள், மாணவர்கள். கடைசியில்தான் சும்மா போகிறவர்கள். என் மாமாவுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. ஒருவழியாகச் சபை இறங்கிவந்து, ஒரு கப்பலுக்கு மட்டும் படகை எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம் என்று பெயர் கொடுத்து, ஆபீஸும் இடம் போட்டது. பெதெலோ பெரியமாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே "போய்ப் பாத்துட்டு வந்துடு" என்றார். அந்தக் கப்பல் வந்த காலையில், ஏதோ விழாவுக்காக எங்கள் ஊர் நடனக் குழு நியூசிலாந்துக்குப் போக வேண்டியிருந்தது. குழுவுக்கு முரசு அடிப்பவரும் பாட்டுக்காரரும் கூடுதலாகச் சேர்ந்துவிட்டார்கள். சும்மா போகிறவர்கள் இறக்கப்பட்டார்கள். மாமா அந்த முரசையும் சேர்த்துக் கப்பலில் ஏற்றிவிட்டு, தன் பையோடு திரும்பி வந்தார்.

அன்று மாலை அத்தை வீடியோவில் வந்தாள். முகம் மெலிந்திருந்தது, வாய் மெலியவில்லை.

"எங்க இருக்கே? அப்பியாவா?"

"வீட்டுல."

"ஆமா, நீ எங்க வரப்போறே. இங்க சர்ச்சுல கேக்கறாங்க, உன் புருஷன் வேற யாரையாவது பாத்துக்கிட்டானான்னு."

"யாரு கேட்டா? பேரைச் சொல்லு!"

"பேரைச் சொன்னா வந்து அடிப்பியா? அதுக்காச்சும் வா."

மாமா போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். தென்னை மரத்தில் ஏறி, பதநீருக்குக் கட்டியிருந்த குடுவையோடு ரொம்ப நேரம் மேலேயே உட்கார்ந்திருந்தார். கீழே வந்தபோது குடுவை காலி.

அடுத்த கப்பல் வந்த அன்று அவர் படகுக்குப் போகவில்லை.

வெளிக்கடலில் கப்பல் நின்றது. கரையில் ஊரே நின்றது. சங்கு ஊதினார்கள், மணி அடித்தார்கள். மாமா எங்கள் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் பை. வாசலில் அம்மா குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். பெதெலோ பெரியமாமா மூச்சிரைக்க வந்தார்.

"எந்திரிடா. மாவு அங்க நிக்குது. பெட்ரோல் நிக்குது. ஊர் மானம் நிக்குது."

"நானும்தான் நிக்கறேன், இத்தனை நாளா. யாராச்சும் சங்கு ஊதினீங்களா?"

"சபை உத்தரவுடா இது!"

"எந்தச் சபை? அப்பியா சொல்லணும்னு சொல்லுமே, அந்தச் சபையா?"

"ஹுலியானா, வழியை விடு."

"விட மாட்டேன் அண்ணே" என்றாள் அம்மா. "வீடு என்னுது. நம்ம வழக்கம் அதுதானே, வீடு பொம்பளை கையில. கடலைப் போய் அதிகாரம் பண்ணு."

பெரியமாமா விசிறியை மண்ணில் அறைந்தார். அப்போதுதான் சீலியா டீச்சர் வந்தாள். நிறைமாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, இந்தக் கப்பலை விட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்து, வாசலில் நின்றாள்.

"கலோலோ அண்ணே, உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஊருக்கே தெரியும். ஆனா உள்ள இருக்கறவன் காத்திருக்க மாட்டேங்கறான்."

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். வாய்க்குள் ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்; யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. எழுந்தார். அம்மா நகர்ந்து வழிவிட்டாள். டீச்சரின் சாமான்களைத் தூக்கும்போது மாமாவின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். அந்த அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

டீச்சருக்குத் துணையாக நான் படகில் ஏறினேன். இவனை நம்ப முடியாது, நடுவழியில் மறுபடி இன்ஜினை நிறுத்துவான் என்று பெரியமாமாவும் ஏறிக்கொண்டார். வாலிபத்தில் அவரும் இந்தப் படகை ஓட்டியவர்தான், எப்போதோ. அலை பெரிதாக இருந்தது. மாமா வாய்க்காலில் காத்து நின்று, ஓர் இடைவெளி பார்த்து வெளியே பாய்ந்தார். கப்பலின் பக்கக் கதவருகே படகை அணைத்ததும், மாலுமிகள் குனிந்து டீச்சரைக் கைகொடுத்து ஏற்றினார்கள். சாமான்கள் ஏறின. மாவு மூட்டைகள் இறங்கின.

"அண்ணே, இதைக் கொஞ்சம் புடி" என்றார் மாமா.

பெரியமாமா சுக்கானைப் பிடித்தார். அடுத்த அலை படகைத் தூக்கியபோது மாமா கப்பலின் ஏணியைப் பிடித்து மேலே போய்விட்டார்.

"டேய்! டேய் கலோலோ! எறங்குடா!"

"நேரா புடி அண்ணே! கப்பல்ல இடிக்கப்போறே!"

மேலே கேப்டன் அவரை மறித்தார். பல வருஷப் பழக்கம். "உனக்கு எடமில்ல கலோலோ. உயிர்க்கவசம் எத்தனை இருக்கோ அத்தனை பேர்தான். சட்டம்."

மாமா தன் மார்பைத் தட்டினார். படகோட்டிக்கான ஆரஞ்சு நிற உயிர்க்கவசம் அவர் உடம்பில் இருந்தது. "நான் என்னுதைக் கொண்டாந்திருக்கேன்."

"உக்கார எடம்?"

"நான் எப்ப உக்காந்தேன்? நின்னுக்கிட்டே வரேன்."

கேப்டன் என்ன சொன்னாரோ, காற்றில் கேட்கவில்லை. கதவை மூடிவிட்டார்கள். மாமா உள்ளேதான் இருந்தார்.

நாங்கள் திரும்பினோம். பெரியமாமா மாதாவைக் கூப்பிட்டார், அதே மூச்சில் தம்பியையும் திட்டினார். முதல் அலையைத் தவறவிட்டார். இரண்டாவது அலை எங்களைப் பக்கவாட்டில் தள்ளிப் பாறையில் உரசியது. தகரம் கிழியும் சத்தம் என் பல்லில் கேட்டது. மாவு மூட்டைகள் முழுக்க நனைந்துவிட்டன. எப்படியோ உள்ளே வந்து விழுந்தோம். கரையில் சபை முழுவதும் நின்றது.

"எங்க அவன்?"

பெரியமாமா உப்புத்தண்ணீரைத் துப்பினார். "போயிட்டான்" என்றார். அதற்குப் பிறகு தம்பியின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. வேறு ஆள் கிடைக்காததால், அந்த வயதில் அவரே படகை ஓட்டும்படி சபை உத்தரவிட்டது. அந்த உத்தரவு போட்ட சபையில் அவரும் இருந்தார். ஊர் சில நாள் கட்டிகட்டியாய் உப்பு ரொட்டி தின்றது. சீலியா டீச்சருக்கு அப்பியாவில் ஆண் குழந்தை; தாயும் பிள்ளையும் சுகம்.

பயிற்சி ஒன்றுக்காகப் போன வருஷம் நான் நியூசிலாந்து போனபோது பொரிருவாவில் மாமாவைப் பார்த்தேன். இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டு. குளிரைத் திட்டினார், பஸ்ஸைத் திட்டினார், சப்பென்று இருக்கும் கடை மீனைத் திட்டினார். அத்தையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அவள் இயந்திரத்தில் இருக்கும் நேரமெல்லாம் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வேலையும் இல்லை, கடலும் இல்லை.

"இவரு வரணும்னு அழுதேன்" என்றாள் அத்தை, கையில் குழாயோடு. "வந்ததுலேர்ந்து என் காது போச்சு."

"திரும்பிப் போகச் சொல்லேன்" என்றார் மாமா.

"எப்படிப் போவே? கப்பல்ல எடம் வேணுமே."

அவள் சிரித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, சிரிப்பில்லாமல் கேட்டாள். "அந்த மெஷின் ஒண்ணு ஊருக்கு வாங்கறதாப் பேச்சு இருந்துதே, என்ன ஆச்சு? ஒரே ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போயிடுவேன்."

எந்தத் தீவில் வைப்பது என்று முடிவாகவில்லை என்றேன். எங்கள் தீவு கேட்கிறது, மற்ற இரண்டும் கேட்கின்றன. இந்த வருஷக் கூட்டத்தில் அடுத்த வருஷக் கூட்டத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அடுத்த வருஷம் எந்தத் தீவு முறை? தலைவர் யாரு? நம்பரைக் குடு, இப்பவே பேசறேன்!"

"உக்காருங்க சார்" என்றாள் நர்ஸ்.

"உக்காரத்தானே வந்தேன்!" என்று டோகிலாவு மொழியில் அவளிடம் கத்தினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை குழாய் இல்லாத கையால் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.