இருபத்தேழு வயதில் திரும்பி வந்தவர்

காத்திருக்கிறவர், காத்திருக்கத் தொடங்கிய அதே ஆளாகவே கடைசிவரை இருந்தாக வேண்டுமா? பட்டுக்கோட்டையில் கொப்பரைக் களம் நடத்தும் சாஜிதாவின் வாழ்க்கை கேட்டது இதைத்தான்.

1987இல் அவருக்கு வயது இருபது, கணவர் அல்லா பிச்சைக்கு இருபத்தேழு. நிக்காஹ் முடிந்த நாற்பதாம் நாள் கணவர் வளைகுடாவுக்குக் கிளம்பினார். மனைவியின் சம்மதம் வேண்டும் என்று ஏஜென்ட் ஓர் அரபுத் தாளை நீட்டினான். விசா காகிதம்தானே என்று சாஜிதா படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஆட்களை உறையவைத்து, வயது ஏறாமல் தூங்கவைக்கும் சோதனைக்கான ஒப்பந்தம் அது என்பது ஏஜென்ட் தலைமறைவான பிறகுதான் தெரிந்தது. எங்கே, எத்தனை வருடம் என்று சொல்ல ஆளில்லை. நிக்காஹை முறித்துத் தருகிறோம் என்று பள்ளிவாசல் ஜமாஅத் மூன்று முறை சொன்னது. மறுத்துவிட்டார். ஊர் அதைப் பத்தினித்தனம் என்றது. பாதி குற்ற உணர்வாகவும் இருந்திருக்கலாம்.

முப்பத்தெட்டு வருடம் கழித்து அல்லா பிச்சை வந்தார், அதே இருபத்தேழு வயதில். போன காலத்தைச் சோதனை நடத்திய கம்பெனி சொல்லித்தான் அனுப்பியிருந்தது. ஆனாலும் கதவைத் திறந்தவரிடமே கேட்டார்:

"சாஜிதா இல்லீங்களாம்மா?"

"நாந்தான்."

மறுநாள் கம்பெனி கார் வந்தது. மறுபடி தூங்குவதென்றால் மாலை அசர் தொழுகைக்குள் அதில் ஏற வேண்டும். இந்தத் தடவை மனைவியின் சம்மதத் தாள் தமிழில் இருந்தது. ஜமாஅத் தலைவர் அப்துல் அஜீஸும் வந்து உட்கார்ந்தார்.

"இந்த ஊர்ல தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்ல," என்றார் அல்லா பிச்சை. "நீ இருங்கன்னா இருக்கேன். இல்லன்னா போய்ப் படுத்துர்றேன்."

"நீங்க எந்திரிச்சு வர்றப்ப நான் கபர்ல இருப்பேன், மச்சான்."

"அதான் கேக்குறேன்."

"சேந்து நடந்தா என்னை உங்களப் பெத்த உம்மாம்பாங்க."

"சொல்லட்டுமே. எனக்கு நீ நேத்துப் பாத்த புள்ளதான்."

"அந்தப் புள்ளைய நானே பாத்து ரொம்ப நாளாச்சு."

டிரைவர் ஹாரன் அடித்தான். பள்ளிவாசலில் அசர் பாங்கு தொடங்கியது.

"சட்டுனு சொல்லும்மா," என்றார் அப்துல் அஜீஸ். "ஒண்ணு, கையெழுத்தப் போட்டு அனுப்பு. இல்ல, புருசனா ஏத்துக்க."

சாஜிதா தாளை இரண்டு முறை முழுதாகப் படித்தார். பிறகு கிழித்தார். கார் போய்விட்டது. அல்லா பிச்சை சிரித்தேவிட்டார்.

"குலா எழுதுங்க, காக்கா," என்றார் சாஜிதா, அண்ணன் முறையில் அப்துல் அஜீஸிடம்.

மனைவியே கேட்டுப் பெறும் அந்த மணவிலக்குக்கு அல்லா பிச்சை சம்மதிக்க ஏழு நாள் ஆனது. ஏன், ஏன் என்று ஏழு நாளும் கேட்டார். "உங்கள மறுபடி உறைய அனுப்பவும் மாட்டேன், நீங்க தேடுற அந்தப் புள்ளையா நடிக்கவும் மாட்டேன், மச்சான்," என்றார் சாஜிதா.