தாழ்ப்பாள் வைத்த பாலம்

ஊர்மன்றத்தில் இருபத்து மூன்று வருடமாக எழுத்தர் வேலை பார்க்கும் மனிதரை யாரும் எழுத்தர் என்று கூப்பிட்டதில்லை. முன்கூட்டி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும்போது மரியாதைக்கு ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பெயரை அவர் சும்மா வாங்கவில்லை. பத்து மணிப் பேருந்துக்கு எட்டரைக்கே போய் நிற்பார். நடுவில் ஒன்பது மணிப் பேருந்து வந்தால் அதில் ஏறவும் மாட்டார், "இது நம்ம வண்டி இல்ல" என்று ஓட்டுநரை அனுப்பிவைப்பார். தன் கல்யாணத்துக்கே முந்தின நாள் காலையில் போய் நின்றவர் அவர். மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் நாற்காலிக் கடை ஆள் என்று நினைத்து, வண்டியிலிருந்து ஐம்பது நாற்காலிகளை இறக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளையும் மறுபேச்சில்லாமல் இறக்கிவைத்தார். அவருடைய மனைவி இன்றுவரை இதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்படிப்பட்டவர் கையில் தீர்மானப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? மாதம் ஒருமுறை மன்றம் கூடும். யார் என்ன பேசினார்கள், என்ன முடிவானது என்பதைக் கூட்டம் நடக்கும்போதே அதில் எழுத வேண்டும். முன்கூட்டி மூன்று நாளைக்கு முன்பே எழுதி முடித்துவிடுவார். முதல் வருடம் மட்டும் நடந்ததைப் பார்த்து எழுதினார். அதன்பிறகு பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆணியும் பெயிண்டும் விற்கும் கடைக்காரர்தான் மன்றத் தலைவர். அவர் 'எல்லாத்தையும் பேசித் தீத்துக்கலாம்' என்று ஆரம்பிப்பார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் எதையாவது கண்டித்து எழுந்து வெளியே போவார், தேநீர் வரும் நேரம் பார்த்துத் திரும்பி வருவார். அவருக்கு வெளிநடப்பு என்றே பெயர். கோழிப்பண்ணைக்காரர் வாயே திறக்க மாட்டார். ஆறு வருடமாக உறுப்பினர், ஆனால் அவர் குரல் எப்படி இருக்கும் என்பது கோழிகளுக்குத்தான் தெரியும். மற்ற நான்கு பேரும் தலையாட்டுவார்கள்.

முன்கூட்டிக்கு இளகிய மனசு. கோழிப்பண்ணைக்காரர் பெயர் புத்தகத்தில் வராமலே போனால் பாவமாக இருக்குமே என்று, மாதாமாதம் 'இதை அவர் வழிமொழிந்தார்' என்று அவருக்கென ஒரு வரி எழுதிவைப்பார்.

போகப்போக, எழுத்து முந்திக்கொண்டதால் பேச்சே தேவையில்லாமல் போய்விட்டது. உறுப்பினர்கள் வருவார்கள், தேநீர் குடிப்பார்கள், முன்கூட்டி காகிதத் துண்டு செருகிவைத்த பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். வெளிநடப்பு மட்டும் மனசாட்சிக்குப் பயந்து வாசல்வரை ஒருதரம் போய்விட்டு வந்து கையெழுத்துப் போடுவார். கூட்டத்தைப் பார்க்க வரும் பொதுமக்களுக்கென்று சுவரோரம் ஒரு பெஞ்சு உண்டு. அதில் பழைய பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

இனி பாலத்துக்கு வருவோம். பின்தெருவுக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ஒரு சாக்கடை ஓடுகிறது. அதன் மேலிருந்த பாலம் ஆறு வருடத்துக்கு முன்னால் இடிந்து விழுந்தது. அப்போது மன்ற அலுவலகத்துக்குப் புதுக்கதவு போட்டிருந்தார்கள். மன்றத்தின் கதவு மக்களுக்கு என்றும் திறந்திருக்கும் என்று தேர்தலில் பேசிய தலைவர், பழைய கதவை மக்களுக்கே கழற்றிக் கொடுத்துவிட்டார். அதைச் சாக்கடையின் குறுக்கே கிடத்தினார்கள். இரும்புத் தாழ்ப்பாள் அதிலேயே இருந்தது. ஊரில் அந்தத் தாழ்ப்பாள் தடுக்கி விழாதவர்கள் குறைவு. பின்தெருக்காரர்கள் மாதாமாதம் மனு கொடுத்தார்கள். புத்தகத்தில் மாதாமாதம் ஒரே வரி ஏறியது: 'பின்தெருப் பாலம் குறித்து அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என முடிவானது.' எழுபத்தொரு கூட்டத்துக்கு எழுபத்தொரு வரி.

முன்கூட்டியின் வீடும் பின்தெருவில்தான். அவர் மனைவிக்குத் தபால் நிலையத்தில் வேலை. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போவதால் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தக் கதவின் மேல் நடப்பாள்.

பாலம் விழுந்த பிறகு வந்த எழுபத்திரண்டாவது கூட்டத்துக்கு நாலு நாள் இருந்தபோது அந்தச் சம்பவம் நடந்தது. வானத்தில் ஒரே ஒரு மேகம், அதுவும் கைக்குட்டை அளவுக்குத்தான் இருக்கும். முன்கூட்டி குடையை விரித்துவிட்டார். குடை முகத்தை மறைத்தது, கால் தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்தது, மனிதர் குடையோடு சாக்கடைக்குள் போனார். வலது மணிக்கட்டு முறிந்தது. கண்ணாடி சுக்குநூறானது. குடைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

கையில் மாவுக்கட்டு. கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார். எதிரே இருப்பது மனைவியா அலமாரியா என்பதே முன்கூட்டிக்குக் குரலை வைத்துத்தான் தெரிந்தது. ஆனால் தீர்மானம் மூன்று நாளைக்கு முன்பே தயாராகாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்து, நான் சொல்லச் சொல்ல நீ எழுது என்றார். மனைவி பேனாவை எடுத்தாள். தலைவர் தொடங்கியது, வெளிநடப்பு வெளிநடந்தது, பாலம் அடுத்த கூட்டத்துக்குப் போனது எல்லாவற்றையும் அவர் மூச்சுவிடாமல் சொன்னார். அவளும் எழுதினாள். படித்துக் காட்டச் சொன்னபோது அவர் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். மேலலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய நகலையும் அவளே எழுதினாள், கூட்டம் முடிந்த அன்றே தபாலில் சேர்த்தாள். உறுப்பினர்கள் வழக்கம்போலக் காகிதத் துண்டு இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தீர்மானம் எழுதிய கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருப்பதாகத் தலைவர் பாராட்டிவிட்டுப் போனார்.

புதுக்கண்ணாடி போட்டுக்கொண்டு முன்கூட்டி முதன்முதலில் படித்தது மேலலுவலகக் கடிதத்தைத்தான். சென்ற கூட்டத்தின் தீர்மானம் தங்களை மிகவும் கவர்ந்ததாகவும், பொதுமக்கள் முன்னிலையில் அதை வாசித்து உறுதிசெய்ய ஆய்வாளர் அடுத்த கூட்டத்துக்கு நேரில் வருவதாகவும் எழுதியிருந்தது. கவர்ந்ததா? இருபத்து மூன்று வருடத்தில் தன் எழுத்து யாரையும் கவர்ந்ததாக அவருக்கு நினைவில்லை. புத்தகத்தைத் திறந்தார்.

பின்தெருவில் உடனே சிமெண்ட் பாலம் கட்டுவது என்று ஏகமனதாக முடிவாகியிருந்தது. கோழிப்பண்ணைக்காரர் இருபது நிமிடம் உருக்கமாகப் பேசியிருந்தார். வெளிநடப்பு எழுந்து போகாமல், கண் கலங்கி ஆதரித்திருந்தார். அதோடு விட்டாளா? பாலம் கட்டி முடியும்வரை தலைவரும் உறுப்பினர்களும் நாளுக்கு ஒருவராக முறைவைத்து, காலை முதல் மாலைவரை கதவருகே நின்று, கடப்பவர்களைக் கைப்பிடித்துக் கடத்திவிடுவார்கள் என்றும் இருந்தது. கீழே ஏழு கையெழுத்து.

பொய்த் தீர்மானம் எழுதினால் வேலை போய்விடும். ஓய்வுபெற இன்னும் இரண்டே வருடம்தான், அந்த நாளுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டைகூடத் தைத்துவைத்துவிட்டார். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். யாருமே சொல்லாததை எழுதி வைத்திருக்கிறாயே என்று சத்தம் போட்டார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எழுபத்தோரு தடவை அடுத்த கூட்டம்னு எழுதினீங்களே, அத மட்டும் யாரு சொன்னா? ஒருத்தராவது வாயத் தொறந்து சொன்னாங்களா? தள்ளிப்போட்டது அவங்க இல்லைங்க. உங்க கைதான்."

அவர் மாவுக்கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"அந்தக் கதவு மேல நான் தினம் நாலு தடவை நடக்கறேன்னு தெரிஞ்சுதானே எழுதினீங்க" என்றாள் அவள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரை மிகவும் சுட்டது. வெட்கமாக இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டை அவரால் முடிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்கிற மனிதர், இதைத் தலைவரிடம் சொல்ல மூன்று தடவை கடைக்குப் போனார். மூன்று தடவையும் தேவையில்லாத ஆணி வாங்கிக்கொண்டு திரும்பினார். மூன்றாவது தடவை தலைவரே கேட்டார்.

"ஆய்வாளர் வராங்களாமே. புத்தகமெல்லாம் ஒழுங்கா இருக்கில்ல?"

"கையெழுத்து ரொம்ப ஒழுங்கா இருக்கு தலைவரே" என்றார் முன்கூட்டி.

ஆய்வாளர் வந்தார். களைத்த முகமும் கனத்த பையுமாக ஓர் அம்மாள். பொதுமக்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டார். பெயிண்ட் டப்பாக்களை இறக்கிவைத்தார்கள். பின்தெருவே வந்து நின்றது. பெஞ்சு முனையில் முன்கூட்டியின் மனைவி, தபால் நிலையத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆய்வாளர் தீர்மானத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். இத்தனை வருடத்தில் ஒரு தீர்மானத்தைக் கடைசிவரை படித்தது இதுதான் முதல் தடவை என்று மனம் விட்டுச் சொன்னார். தலைவரின் முகம், அவர் கடையில் விற்காத ஒரு நிறத்துக்குப் போனது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து முன்கூட்டியைப் பார்த்தார்கள். அவர் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நீங்கள் பேசியதுதானா என்று ஆய்வாளர் கேட்டார்.

இல்லை என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும், முன்கூட்டியின் வேலை அங்கேயே முடிந்தது. ஆனால் இல்லை என்று சொன்னால், படிக்காமல் கையெழுத்துப் போட்டதைப் பின்தெரு முழுவதுக்கும் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆமாம் என்று சொன்னால் சாக்கடையோரம் போய் நிற்க வேண்டும். இனி எதற்கு இழுக்க வேண்டும், தானே சொல்லிவிடலாம் என்று முன்கூட்டி நாற்காலியை விட்டு எழுந்தார். அவருக்கு முன்னால் இன்னொருவர் எழுந்துவிட்டார்.

கோழிப்பண்ணைக்காரர்.

"ஆமாங்க மேடம். நான்தான் பேசினேன்" என்றார். நல்ல கனமான குரல். பக்கத்து நாற்காலிக்காரர் திடுக்கிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார். "இன்னும் சொல்ல நிறைய இருந்துச்சு. இருபது நிமிஷம் ஆயிடுச்சேன்னு விட்டுட்டேன்."

ஆறு வருடமாக ஒரே ஒரு வரி வழிமொழிந்துகொண்டிருந்த மனிதருக்கு முதல்முறையாக ஒரு முழுப் பேச்சு கிடைத்திருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் ஆமாம் என்ற பிறகு மற்றவர்களுக்கு வழி ஏது? தலைவர் ஆமாம் என்றார். நால்வரும் தலையாட்டினார்கள், அது அவர்களுக்குப் பழகிய வேலை. வெளிநடப்புதான் தவித்துப்போனார். ஆதரித்தது உண்மை, ஆனால் ஆதரித்தீர்களா என்று கேட்பதைக் கண்டிக்கிறேன் என்று சொல்லி எழுந்து வெளியே நடந்தார். முறைக்கு நிற்கத்தான் கிளம்புகிறார் என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டு, மிகவும் மகிழ்ந்து, பின்னாலேயே போனார். அவர் பின்னால் ஊரே போனது. சாக்கடைவரை நடந்துவிட்ட பிறகு வாத்தியாரால் திரும்ப முடியவில்லை. அன்று மாலைவரை அவர்தான் கைப்பிடித்துக் கடத்தினார்.

மறுநாள் தலைவர் முறை. கடையைப் பூட்டிவிட்டு நின்றார். பின்தெருக்காரர்கள் அன்றைக்குத் தேவையில்லாமலும் கடந்தார்கள். ஒரு பாட்டியம்மா பதினோரு தடவை போய்வந்தார். ஆளுக்கு ஒரு நாள் நின்று முடிவதற்குள் தாழ்ப்பாள் எல்லோர் காலையும் பதம் பார்த்துவிட்டது. அடுத்த கூட்டம், அடுத்த கூட்டம் என்று ஆறு வருடம் ஓட்டியவர்கள், சிமெண்ட் வண்டிக்குப் பின்னால் தாங்களே ஓடினார்கள். இருபத்து மூன்றாவது நாள் பாலம் தயார். கைப்பிடிச் சுவரோடு.

முன்கூட்டிக்கு மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தபோது, கை தானாகவே பேனாவைத் தேடியது. சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்தார். தேதி எழுதினார். எதிரே மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் தேதியோடு நிறுத்தி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அவளோடு சேர்ந்து வெங்காயம் உரித்தார்.

கூட்டத்தன்று ஒன்றரை மணி நேரம் முந்தி, எட்டரைக்கே போனார். கதவு திறந்து கிடந்தது, ஏழு பேரும் உள்ளே இருந்தார்கள். இந்தத் தடவை நாம் என்ன பேசியதாக ஆகப்போகிறதோ என்ற பயத்தில் எட்டு மணிக்கே வந்துவிட்டார்களாம். பெஞ்சில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக முன்கூட்டி ஓரிடத்துக்குத் தாமதமாகப் போயிருந்தார்.

கோழிப்பண்ணைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். முன்கூட்டி அவசரமாக உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். குடிநீர்க் குழாய் என்று எழுதுவதற்குள் பேச்சு தெருவிளக்குக்குப் போயிருந்தது, தெருவிளக்கைப் பிடிப்பதற்குள் தலைவர் குறுக்கே வந்தார், அவர் முடிப்பதற்குள் வெளிநடப்பு எழுந்தார், நாற்காலியை இன்னொருவர் பிடித்துக்கொள்வாரோ என்று திரும்ப உட்கார்ந்தார். ஆறிய மணிக்கட்டு வலித்தது. நெற்றியில் வியர்த்தது. இருபத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்தவர் தலையைத் தூக்கி, அந்த அறையில் ஒருநாளும் சொல்லியிராததைச் சொன்னார்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. நான் எழுதணும்."